கயிற்றின் மேல்முனை

 

'வளரும் தூத்துக்குடி' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். நல்ல தலைப்பு. ஆனால் அந்தத் தலைப்போடு ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ள உங்கள் அனுமதியைக் கேட்கிறேன். வளரும் தூத்துக்குடி, வாழத் தகுந்த தூத்துக்குடியாக இருக்கிறதா? இதுதான் இன்று நான் உங்கள் முன் வைக்கும் கேள்வி.

பதிலைத் தேடுவதற்கு முன், உங்களை ஒரு தோணியில் ஏற்றிக் கடலுக்குள் கொண்டு போகிறேன். வாருங்கள்.

முத்துக் குளிக்கும் காலம். கரையிலிருந்து வெகு தூரத்தில் 'பார்' என்று நம்மவர்கள் சொல்லும் சிப்பித் திட்டு. தோணி நங்கூரம் போட்டு நிற்கிறது. ஒருவர் கயிற்றில் கட்டிய கல்லின் மேல் கால் வைக்கிறார். இடுப்பில் ஒரு வலைப்பை. மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு ஏழெட்டுப் பாகம் ஆழத்துக்கு இறங்குகிறார். கீழே அவருக்குக் கிடைப்பது ஒரு மூச்சு நேரம். அதற்குள் கைக்கு எட்டிய சிப்பியை எல்லாம் அள்ளிப் பையில் போட வேண்டும். மூச்சு முடியப் போகிறது என்றால் கயிற்றை அசைப்பார். அந்த அசைவு மேலே இருப்பவரின் உள்ளங்கைக்குத் தெரியும். தெரிந்த அந்த நொடியில் இழுக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தாலும் உயிர் போகும்.

மேலே கயிறு பிடிப்பவர் யார்? கூலிக்கு வந்த யாரோ ஒருவரா? இல்லை. மச்சானைத்தான் கயிறு பிடிக்க வைப்பார்கள் என்று இந்தக் கரையில் வழிவழியாகச் சொல்லி வருகிறோம். கீழே மூழ்கியிருப்பவர் தன் தங்கையின் புருஷன். கயிற்றை விட்டால் தாலி இழப்பது தன் வீட்டுப் பெண். அதனால் அந்தக் கை தூங்காது.

அன்பர்களே, ஒரு நகரம் வாழத் தகுந்ததா என்று பார்ப்பதற்கு இதைவிடப் பெரிய அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. கீழே இறங்கி உழைப்பவருக்காக மேலே கயிறு பிடிக்க ஆள் உண்டா? அவர் அசைத்தால் நமக்குத் தெரிகிறதா? தெரிந்தால் இழுக்கிறோமா? இந்த மூன்று கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு நம் ஊரைப் பார்ப்போம்.

இந்தக் கரைக்கு நகரங்கள் புதியவை அல்ல. கொற்கை பாண்டியரின் துறைமுகம். கிரேக்க மாலுமிகளின் குறிப்புகளில் பேர் பெற்ற துறைமுகம். இன்று கொற்கைக்குப் போய்ப் பாருங்கள். கடலைக் காணோம். தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் துறையைத் தூர்க்க, கடல் சில கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. அடுத்து காயல் எழுந்தது. மார்க்கோ போலோ எழுதி வைத்த காயல் அது. அதுவும் தூர்ந்தது. அதற்குப் பிறகு தலையெடுத்ததுதான் நம் தூத்துக்குடி. போர்த்துக்கீசியர் வந்தார்கள். 1658-இல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1825-இல் ஆங்கிலேயர் கைக்கு நிலையாக வந்தது. கொடி மாறிக்கொண்டே இருந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடலில் இறங்கியவர் மட்டும் மாறவில்லை.

1876-இல் ரயில் வந்தது. கரிசல் காட்டுப் பருத்தி ரயிலேறி வந்து, இங்கே கப்பலேறிச் சீமைக்குப் போனது. கிரேட் காட்டன் சாலை என்ற பெயரைக் கேளுங்கள். பஞ்சுப் பொதி ஏற்றிய வண்டிகளின் சத்தம் அந்தப் பெயருக்குள் இன்னும் கேட்கிறது. பஞ்சு வந்தது, ஆலை வந்தது, பணம் வந்தது. ஆலைக்குள் நின்றவனுக்கு என்ன வந்தது?

இங்கேதான் 1908-ஆம் ஆண்டு வருகிறது. வ.உ.சிதம்பரனார் என்றால் நமக்குக் கப்பல் நினைவுக்கு வரும். 1906-இல் பங்கு ஒன்று 25 ரூபாய் என்று மக்களிடம் பணம் திரட்டிச் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டவர். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்தியவர். அந்தக் கப்பலோட்டிய தமிழர், 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர்களின் பக்கம் போய் நின்றார். சுப்பிரமணிய சிவாவும் உடன் நின்றார். தொழிலாளர்கள் கேட்டது என்ன? கூலி உயர வேண்டும். வேலை நேரம் குறைய வேண்டும். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை வேண்டும். எண்ணிப் பாருங்கள். வாரத்தில் ஒரு நாள்! பிள்ளையின் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க ஒரு நாள்! 'வாழத் தகுந்த நகரம்' என்று இன்று நாம் பேசுவதைத்தான் அன்று அவர்கள் அந்த மூன்று வரிகளில் கேட்டார்கள்.

ஊர் என்ன செய்தது? வேடிக்கை பார்த்ததா? இல்லை. வேலை நிறுத்தம் செய்தவர்களின் வீட்டு அடுப்பு அணையாதபடி ஊர் பார்த்துக்கொண்டது. ஆலைக்காரர் பக்கம் பேசியவருக்கு நாவிதர் சவரம் செய்ய மறுத்தார். சலவைத் தொழிலாளி துணி எடுக்க மறுத்தார். தொழிலாளி கயிற்றை அசைத்தான், தூத்துக்குடி இழுத்தது. கோரிக்கை வென்றது. அந்தக் கரங்களின் வாரிசுகள்தான் இந்த மன்றத்தில் அமர்ந்திருக்கிறீர்கள்.

இன்னொரு கையையும் நினைவுபடுத்துகிறேன். ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து. மூன்று பக்கம் உப்பு, ஒரு பக்கம் கடல். கிணறு வெட்டினால் கரிக்கும் தண்ணீர். குடிக்க நல்ல தண்ணீருக்கு ஊர் தவித்த தவிப்பு கொஞ்சமல்ல. நகர்மன்றத் தலைவராக இருந்த அவர் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாய் வழியாக ஊருக்குக் கொண்டுவந்தார். 1927-இல் அந்தத் தண்ணீர் வந்தது. அன்று ஒரு தாய் குழாயடியில் குடத்தை வைத்து, முதல் தண்ணீரைக் கையில் ஏந்தி வாயில் விட்டுப் பார்த்திருப்பாள் அல்லவா? கரிக்கவில்லை! அந்த ஒரு மிடறுதான், ஐயா, நகராட்சி. அந்த ஒரு மிடறுக்காகத்தான் அவரை இன்றும் இந்த ஊரின் தந்தை என்று சொல்கிறோம்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1974 ஜூலையில் புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. நாட்டின் பெருந்துறைமுகங்களில் பத்தாவது. கடலுக்குள் கிலோமீட்டர் கணக்கில் கல்லைக் கொட்டி அலைத்தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். ஸ்பிக் உரத் தொழிற்சாலை வந்தது. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 1986-இல் தனி மாவட்டம் ஆனோம். 2008-இல் மாநகராட்சி ஆனோம். பிறகு மீளவிட்டான், சங்கரப்பேரி, அத்திமரப்பட்டி, முத்தையாபுரம் எல்லாம் மாநகர எல்லைக்குள் வந்தன. இன்று 60 வார்டுகள்.

நன்மை நடக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்ப மாட்டேன். அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. நடு இரவில் நோயாளியைத் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு மருத்துவமனைக்கு ஓடிய காலத்தை இங்கே உள்ள மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பழைய பேருந்து நிலையம் புதிதாக எழுந்து நிற்கிறது. வாகைக்குளம் விமான நிலையத்துக்கு 2025 ஜூலையில் புதிய முனையம் வந்தது. அடுத்த மாதமே சிப்காட்டில் வியட்நாம் நாட்டு நிறுவனத்தின் மின்கார் ஆலை திறக்கப்பட்டது. தெற்கே குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024-இல் அடிக்கல் நாட்டினார்கள். நம் பிள்ளைகள் வேலைக்காகச் சென்னைக்கும் துபாய்க்கும் போகாமல் வீட்டுச் சோறு தின்று வேலைக்குப் போகும் நாள் வரட்டும். மனமார வரவேற்கிறேன்.

ஆனால் மூன்று கேள்விகளைக் கையில் வைத்திருக்கிறோமே, அவற்றைக் கேட்காமல் விடலாமா?

முத்தையாபுரத்துக்குத் தெற்கே ஓர் உப்பளத்துக்கு ஒரு சித்திரை மாதக் காலையில் போயிருந்தேன். விடியுமுன்பே வேலை தொடங்கிவிட்டது. ஏன் என்று கேட்கிறீர்களா? வெயில் ஏறிவிட்டால் அந்த வெண்மையைக் கண் கொண்டு பார்க்க முடியாது. மேலிருந்து ஒரு வெயில், பாத்தியிலிருந்து இன்னொரு வெயில். ஆண்கள் பலகையால் உப்பை வாரி வரப்பில் ஒதுக்க, பெண்கள் அதைச் சட்டியில் அள்ளித் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு தாயின் பாதத்தைப் பார்த்தேன். வெடிப்பு வெடிப்பாக, அந்த வெடிப்புக்குள் உப்பு. நடக்கும்போது ஒவ்வொரு அடியும் எரியும்தானே?

"அக்கா, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன். கூலியைச் சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் சொன்னார்: "காலையில கெளம்பும்போதே தண்ணி குடிக்கிறதக் கொறச்சிக்கிடுவோம் சார். இங்க ஒதுங்க எடம் கிடையாதுல்லா."

பெரியோர்களே, அந்தச் சொல்லை என்னால் மறக்க முடியவில்லை. நாட்டில் உப்பு விளைச்சலில் முன்னணியில் நிற்கும் ஊர் நம்முடையது. எத்தனை கோடி வீட்டுக் குழம்புக்கு நம் உப்பு போகிறது! அந்த உப்பை அள்ளித் தரும் தாய், கொளுத்தும் வெயிலில் தாகத்தை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். அவள் கேட்டது நான்கு சுவரும் ஒரு கதவும். மழைக்காலத்தில் வேலையில்லாத மாதங்களுக்கு 5,000 ரூபாய் உதவித்தொகை வந்திருக்கிறது. அது ஒரு நல்ல கை. அந்தக் கை பாத்தி வரப்பு வரைக்கும் இன்னும் நீள வேண்டாமா? ஒரு நிழற்கூடம், ஒரு கழிப்பறை, கண்ணுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி, ஒரு குடம் நல்ல தண்ணீர். குரூஸ் பர்னாந்து கொண்டுவந்த தண்ணீர் அந்த வரப்புக்குப் போய்ச் சேரும் நாளில்தான் அவர் வேலை முழுமையாகும்.

அடுத்து, 2023 டிசம்பர். தேதியை நான் சொல்ல வேண்டியதில்லை. 17, 18 இரண்டு நாளும் உங்கள் நெஞ்சில் இருக்கின்றன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. நம் ஊருக்கு ஓர் ஆண்டில் பெய்யும் மழையைவிட அதிகம்! ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயிலே பயணிகளோடு நடுவெள்ளத்தில் நின்றுபோனது. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. வாழையும் நெல்லும் நின்ற அத்திமரப்பட்டி நிலம் கடலாகக் கிடந்தது. இப்படி ஒரு மழையை எந்த ஊரும் தாங்காது. உண்மைதான். ஆனால் மழை நின்ற பிறகும் தண்ணீர் நின்றதே, அது யார் செய்த வேலை?

என் உறவினர் வீட்டுச் சுவரில் இன்றும் ஒரு கோடு இருக்கிறது. ஜன்னல் கம்பியின் மூன்றாவது குறுக்கு வரைக்கும் பழுப்பு நிறக் கோடு. இரண்டு முறை வெள்ளை அடித்தும் மேலே வந்துவிட்டது. அந்த வீட்டுப் பெரியம்மா சொன்னார்: "தண்ணி வந்ததக்கூடத் தாங்கிக்கிட்டோம்யா. போகாம நின்னதத்தான் தாங்க முடியல."

ஏன் போகவில்லை? நம் ஊர் தட்டையான ஊர். கடல் மட்டத்தோடு மட்டமாகக் கிடக்கும் ஊர். ஊருக்கு நடுவே பக்கிள் ஓடை ஓடுகிறது. மேற்கே பெய்த மழை கோரம்பள்ளம் குளத்தில் நின்று நிதானித்து உப்பாற்று ஓடை வழியாகக் கடலுக்குப் போனது. மழை பெய்தால் தண்ணீர் எங்கே நடக்க வேண்டும் என்று பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. தண்ணீரின் பாதையில் நாம் மனை போட்டோம். பள்ளத்தில் வீடு கட்டினோம். சாலை போடும் ஒவ்வொரு முறையும் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டோம். சாலை உயர உயர வீடு தாழ்ந்தது. இரண்டு படி ஏறி நுழைந்த வீட்டுக்குள் இன்று இரண்டு படி இறங்கி நுழைகிறோம். வெள்ளம் நமக்கு எழுதிய பாடம் அந்தச் சுவரில் கோடாக நிற்கிறது. வெள்ளை அடித்தால் பாடம் அழியுமா?

அடுத்து காற்று. இதைச் சொல்லும்போது என் குரல் தானாகத் தாழ்கிறது. காற்றும் நிலத்தடி நீரும் கெடுகின்றன என்று தாமிர உருக்காலைக்கு எதிராக இந்த ஊர் மக்கள் நெடுங்காலம் முறையிட்டார்கள். 2018 மே 22. போராட்டத்தின் 100-வது நாள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி மக்கள் நடந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் 13 பேரை இழந்தோம். சில நாட்களில் ஆலை மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஆலைத் தரப்பின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அந்த ஆலையை நம்பி லாரி ஓட்டியவர்களும் ஒப்பந்த வேலை பார்த்தவர்களும் இதே ஊர் மக்கள்தான். அவர்கள் இழந்த வேலையையும் நான் மறக்கவில்லை. மூச்சா, சோறா என்று ஓர் ஊர் மக்களைப் பிரித்து நிறுத்தும் நிலைமை ஏன் வந்தது? முதல் அசைவிலேயே கயிற்றை இழுத்திருந்தால் அந்த நாள் வந்திருக்குமா? குடிமகன் எழுதிக் கொடுக்கும் புகார் மனு இருக்கிறதே, அதுதான் கீழிருந்து வரும் அசைவு. அதை வாங்கி மேசையில் அடுக்கி வைப்பவர் கயிற்றைக் கையில் பிடித்தபடி தூங்குகிறார்.

கடைசியாகக் கடல். நமக்கு முன்னே வான் தீவு, காசுவாரி, காரைச்சல்லி, விலாங்குசல்லி என்று நான்கு தீவுகள். அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். அலையின் வேகத்தைத் தாங்கி நின்ற அரண் அது. பல்லாண்டுகள் அந்தக் கல்லை வெட்டிக்கொண்டு வந்தோம். சுண்ணாம்பு சுட்டோம், வீடு கட்டினோம். நாம் சுவர் எழுப்பினோம், கடலின் சுவர் இடிந்தது. விலாங்குசல்லி இன்று தண்ணீருக்குள். பிறகு விழித்துக்கொண்டோம். கல் எடுப்பது நின்றது. வான் தீவைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளை இறக்கிக் கரைந்துகொண்டிருந்த தீவைத் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். இழுத்தால் மேலே வரும் என்பதற்கு அந்தத் தீவு சாட்சி!

முத்துக்கு மட்டும் அந்தப் பாக்கியம் இல்லை. 1961-இல் நடந்ததுதான் இந்தக் கரையின் கடைசி முத்துக்குளிப்பு. இதே ஊரில் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973-இல் சிப்பிக்குள் முத்து வளர்த்துக் காட்டினார்கள். ஆனால் பாரில் இறங்கி முத்தெடுத்த அந்தக் காலம் திரும்பி வரவில்லை. முத்துநகர் என்ற பெயர் ரயிலில் இருக்கிறது, கடற்கரையில் இருக்கிறது. பெயர் மட்டும் மிஞ்சிய ஊராக நாம் ஆகிவிடக் கூடாது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? மாணவச் செல்வங்களே, உங்களைத்தான் கேட்கிறேன். நாளைக்கு உங்களில் ஒருவர் பொறியாளர் ஆவீர்கள். சாலைக்கு மட்டம் பார்க்கும்போது பக்கத்து வீட்டு வாசற்படியையும் பாருங்கள். ஒருவர் அதிகாரி ஆவீர்கள். புதிய ஆலைக்குக் கையெழுத்துப் போடும்போது தாமிரபரணியில் அதற்குப் போக வாழைக்கும் குடத்துக்கும் எவ்வளவு மிஞ்சும் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவர் உப்பளமோ கம்பெனியோ நடத்துவீர்கள். முதலில் கழிப்பறையைக் கட்டுங்கள், பிறகு அலுவலகத்தைக் கட்டுங்கள். ஒருவர் மாமன்ற உறுப்பினர் ஆவீர்கள். மழைக்கு முன்பே ஓடைக்கரையில் நடந்து பாருங்கள். இவை எதுவும் பெரிய காரியமில்லை. ஆனால் அந்த அக்காவை உங்கள் அக்காவாக நினைத்தால்தான் இவை நடக்கும். மச்சானைக் கயிறு பிடிக்கச் சொன்ன பெரியவர்களின் அறிவு அதுதான். உறவு இருக்கிற கையில் கயிற்றைக் கொடு என்றார்கள்.

இந்த மன்றத்தில் மின்விசிறி ஓடுகிறது. மேசையில் எனக்கு ஒரு பாட்டில் தண்ணீர் வைத்திருக்கிறார்கள். நாம் எல்லோரும் இன்று தோணியின் மேலே இருக்கிறோம். வீட்டுக்குப் போனதும் உங்கள் உள்ளங்கையை ஒரு முறை விரித்துப் பாருங்கள். உங்கள் கையில் யாருடைய கயிறு இருக்கிறது?

விடியுமுன் அந்தத் தாய் மறுபடியும் பாத்தியில் இறங்குவாள். தண்ணீரைக் குறைத்துக் குடித்துவிட்டு இறங்குவாள். கயிறு அசையும்.

இழுங்கள்.